விளையும் வட்டாரத்திலேயே பணம் தங்க: உள்ளூர் உணவுப் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பும் முறை

ஒரு வேளாண் வட்டாரத்தில் விளைச்சல் ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டே போகலாம்; அதே வட்டாரத்தின் கடைகளில் வெளியிலிருந்து வந்த மாவும் எண்ணெயும் காய்கறியும் நிறைந்தும் இருக்கலாம். இதில் முரண் ஏதும் இல்லை. விளைபொருளை உண்பொருளாக்கித் தட்டு வரைக்கும் கொண்டுசேர்க்கும் வேலைகள், அதாவது சேகரித்தல், தரம் பிரித்தல், காயவைத்தல், சேமித்தல், அரைத்தல், சிப்பமிடுதல், கடனுக்கு விற்றுவிட்டுப் பணத்துக்குக் காத்திருத்தல் ஆகியவை அந்த வட்டாரத்துக்கு வெளியே நடக்கின்றன என்பதே இதன் பொருள். அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, உள்நாட்டில் விளைந்த உணவுக்காக நுகர்வோர் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் பண்ணைக்குச் சென்று சேர்வது அண்மை ஆண்டுகளில் 15 சென்ட் அளவிலேயே இருந்துவருகிறது. மீதி 85 சென்ட் முழுவதும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் செய்த வேலைக்கான ஊதியம். அந்த வேலையில் எவ்வளவை வட்டாரத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதுதான் இங்கே கேள்வி.

இடைத்தரகரை ஒழிக்கப் போகிறோம் என்ற முழக்கத்தோடு புறப்படும் முயற்சிகள் பலவும் இரண்டாம் அறுவடைக்குள் தளர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். தரகரை விலக்கிவிடலாம்; அவர் செய்துவந்த வேலையை விலக்க முடியாது. விதைக்கும் நாளில் முன்பணம் கொடுத்தவரும், சிறுத்தது பெருத்தது பாராமல் மொத்தமாக எடுத்துக்கொண்டவரும், லாரிக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அந்தப் பொறுப்புகளை யார் ஏற்பது, எந்த மூலதனத்தை வைத்து ஏற்பது என்பதைத் தீர்மானித்த பிறகே மற்றவற்றைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் கணக்கு

சந்தை திறப்பதற்கும் சங்கம் பதிவு செய்வதற்கும் முன்னால், வட்டாரத்திலிருந்து பணம் எங்கெங்கே வெளியேறுகிறது என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. நாற்பது குடும்பங்கள், பத்துக் கடைகள், ஐந்தாறு பொதுச் சமையலறைகள், இடுபொருள் விற்கும் சில வணிகர்கள் ஆகியோரிடம் ஒரு மாத காலம் குறிப்பு எடுத்தாலே தேவையான சித்திரம் கிடைத்துவிடும். குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நிலமுள்ளவர், கூலி வேலை செய்பவர், மாதச் சம்பளக்காரர் என்று எல்லா நிலைகளிலிருந்தும் எடுப்பது அவசியம். முயற்சியில் ஆர்வம் காட்டும் குடும்பங்களை மட்டும் கேட்டால், ஊரில் எல்லோரும் உள்ளூர்ப் பொருளுக்காகக் காத்துக்கிடப்பது போன்ற பொய்த்தோற்றமே கிடைக்கும். ஒவ்வொரு குடும்பமும் என்ன வாங்கியது, எத்தனை கிலோ, எங்கே, என்ன விலைக்கு, அது எங்கிருந்து வந்தது என்ற ஐந்து விவரங்கள் போதும்.

உணவுச் செலவோடு நிறுத்திவிடாமல், விதை, உரம், தீவனம், எரிபொருள், வாடகை இயந்திரம், கடன் வட்டி என்று உழவர்கள் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பதையும் இதே தாளில் சேர்க்க வேண்டும். பல வட்டாரங்களில் உணவு வாங்குவதற்காக வெளியேறும் தொகையைவிடச் சாகுபடிச் செலவாக வெளியேறும் தொகை பெரிதாக இருப்பது இந்தக் கணக்கில்தான் தெரியவரும். அப்படியானால் முதல் பணி சந்தை அமைப்பதாக இருக்காது. எருவும் தீவனமும் விதையும் உள்ளூரிலேயே கிடைக்க வழி செய்வதாகவே இருக்கும்.

இந்த எண்களை வைத்துச் செய்யக்கூடிய எளிய கணக்கு ஒன்று உண்டு. உள்ளூரில் செலவிடப்படும் 100 ரூபாயில் 20 ரூபாய் மட்டுமே மறுபடி உள்ளூரில் செலவாகிறது என்றும், அதிலும் ஐந்தில் ஒரு பங்கே அடுத்த சுற்றில் தங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், மூன்று சுற்றுகளில் 100, 20, 4 என மொத்தம் 124 ரூபாய்க்கான கொடுக்கல் வாங்கல் நடக்கும். அந்த விகிதம் 60 ஆக உயர்ந்தால் 100, 60, 36 என அது 196 ஆகிவிடும். பிரிட்டனில் 2000-களின் தொடக்கத்தில் பரவலான மூன்று சுற்றுப் பெருக்கக் கணக்கு என்பது இதுவே. ஆனால் இந்த எண்ணுக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுத்துவிடக் கூடாது. பணம் எத்தனை முறை கைமாறியது என்பதைத்தான் அது சொல்லும். அது யார் கையில் நின்றது, கூலியாளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைத் தனியாகத்தான் கேட்டறிய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது எல்லாவற்றையும் உள்ளூராக்கிவிடலாம் என்ற ஆசை வருவது இயல்புதான். அதற்கு இடம் கொடுக்காமல், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று அல்லது நான்கு பொருள்களை மட்டுமே எடுத்துக்கொள்வது நல்லது. எடை அதிகமாகவும் விலை குறைவாகவும் இருந்து, விரைவில் கெட்டுப்போகும் பொருள்களில் உள்ளூர் உற்பத்திக்கு இயல்பாகவே சாதகம் உண்டு. பால், முட்டை, கீரை, இலைக் காய்கறிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. தொலைவிலிருந்து வருபவை வழியிலேயே தரத்தை இழப்பதால், ஒரு நாள் முன்னதாக வந்து சேர்வதே இங்கு விற்பனைக் காரணம் ஆகிவிடுகிறது. அடுத்ததாக, வட்டாரத்தில் ஏராளமாக விளைந்தும், உடைக்கவோ அரைக்கவோ ஆட்டவோ வெளியே போய், மறுபடி சிப்பமாகத் திரும்பி வரும் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து போன்றவற்றைக் கருதலாம். மண்ணும் தட்பவெப்பமும் ஒத்துழைக்காத பொருளை விடாப்பிடியாக உள்ளூரில் விளைவிப்பதில் பயன் இல்லை. அதை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். ஒரே வட்டாரத்தை முழுவதுமாக நம்பியிருப்பது ஒரே மழையை நம்பியிருப்பதற்குச் சமம் என்பதால், வெளித்தொடர்புகளை அறுத்துக்கொள்வதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்ந்தெடுத்த பொருள்களுக்கு மாதவாரியாக வரத்து அட்டவணை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எந்த மாதத்தில் மிகுதியாக வரும், எந்த மாதத்தில் வரவே வராது என்பது உழவர்களுக்கு மனப்பாடம், வாங்குபவர்களுக்குத் தெரியாது. இந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் ஒரு சமையலறை தன் வாராந்திர உணவுப் பட்டியலை மாற்றிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கவே தொடங்கும்.

வாங்குபவரிடமிருந்து வயலுக்கு

வாரச் சந்தை கண்ணுக்கு அழகானது, அளவு சிறியது. வட்டாரத்தின் பணப்போக்கைத் திருப்பும் வலிமை மருத்துவமனை, பள்ளி, விடுதி, தொழிற்சாலை உணவகம் போன்றவற்றின் சமையலறைகளிடம்தான் இருக்கிறது, ஏனெனில் அவற்றின் தேவை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். பிரேசில் 2009-இல் இயற்றிய சட்டம் ஒன்று, பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடமிருந்து நேரடியாக வாங்குவதற்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவருக்கே ஒப்பந்தம் என்ற வழக்கமான முறைக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டதுதான் முக்கியம்; அந்த விலக்கு இல்லாமல் விழுக்காட்டை மட்டும் விதித்திருந்தால் சிறு உழவர்கள் பெரும் வணிகர்களோடு விலையில் போட்டியிட்டுத் தோற்றிருப்பார்கள். இத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும், பெரிய ஒப்பந்தத்தைப் பொருள்வாரியாகவோ பருவவாரியாகவோ சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும்படி வாங்கும் நிறுவனத்திடம் வற்புறுத்தலாம். ஒரு நிர்வாகி தம் அதிகார எல்லைக்குள்ளேயே செய்யக்கூடிய மாற்றம் அது.

சமையலறைப் பொறுப்பாளரைச் சந்திக்கப் போகும்போது உழவரின் துயரத்தைப் பேசுவதைவிட அவருடைய நாள் எப்படி நகர்கிறது என்று கேட்பது பயன் தரும். அதிகாலையில் எத்தனை மணிக்குச் சரக்கு வந்தாக வேண்டும், எந்த அளவுள்ள காய் வெட்டும் இயந்திரத்தில் பொருந்தும், கழுவி வர வேண்டுமா, பில் எந்த வடிவில் வேண்டும், எத்தனை நாளில் பணம் தருவார்கள், சரக்கு வராத நாளில் அவர் என்ன செய்வார் என்பவையே அவருடைய கவலைகள். கடைசிக் கேள்விக்கு நாம் பதில் வைத்திருந்தால் பாதி ஒப்பந்தம் முடிந்ததுபோல. வராத நாளில் மொத்தச் சந்தையில் நாமே வாங்கி, அதே விலைக்குக் கொடுத்து, நட்டத்தை ஏற்போம் என்று எழுதிக் கொடுக்கும் துணிச்சல் இருந்தால் மட்டுமே நிறுவனங்களை அணுக வேண்டும்.

பேச்சு முடிந்தவுடன் தட்டிலிருந்து வயலுக்குக் கணக்குப் போட வேண்டும். 500 பேர் உண்ணும் சமையலறையில் ஒரு வேளைக்கு ஒருவருக்கு 100 கிராம் காய்கறி என்றால் நாளொன்றுக்கு 50 கிலோ, மாதம் 25 நாளுக்கு 1,250 கிலோ. தோலும் காம்புமாக ஐந்தில் ஒரு பங்கு கழியும் என்று கொண்டால், வந்து சேர வேண்டியது சுமார் 1,560 கிலோ, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 400 கிலோ. இந்த வாராந்திர எண்ணே நடவுத் திட்டத்தின் அடிப்படை. ஒரே நாளில் எல்லோரும் விதைத்தால் ஒரே வாரத்தில் குவிந்து மற்ற வாரங்களில் வறளும். ஆகவே பத்து உழவர்கள் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருவரோ இருவரோ என்ற முறையில் விதைப்பு நாள்களைப் பங்கிட்டு, தேவையைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாகவே திட்டமிட வேண்டும். மிகுதியாக வருவதை எங்கே தள்ளுவது என்பதையும் விதைப்பதற்கு முன்பே முடிவுசெய்து வைப்பது நல்லது.

சேகரிப்பு நிலையம் என்னும் நடுப்பகுதி

உழவர்களும் வாங்குபவர்களும் தயாராக இருந்தும் இரண்டையும் இணைக்கும் நடுப்பகுதி இல்லாமையால்தான் பெரும்பாலான வட்டாரங்கள் திணறுகின்றன. இந்த நடுப்பகுதியைக் கட்டிடமாக நினைப்பவர்கள் முதல் தொகையைச் சுவருக்கே செலவழித்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் வேண்டியவை சிலவே: லாரி திரும்பும் அளவுக்கு இடமும் நிழலும் உள்ள ஒரு தளம், நல்ல தண்ணீர், முத்திரையிடப்பட்ட தராசு, அடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கிரேட்டுகள், ஒரு பேரேடு, காலை நான்கு மணிக்கு வந்து நிற்கக்கூடிய ஒருவர். இவற்றில் கடைசியானதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தன்னார்வத்தை நம்பி இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் மூன்றாம் மாதத்தில் தளம் காலியாகக் கிடக்கும். முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும்.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடைக்குப் பிறகு சில்லறைக் கடையை அடைவதற்கு முன்பாகவே உலக உணவில் சுமார் 14 விழுக்காடு வீணாகிறது. இந்த இழப்பில் கணிசமான பகுதியைப் பறித்த முதல் சில மணி நேரங்களில் தடுத்துவிட முடியும். பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சுவிடுகிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயரும்போதெல்லாம் அந்த மூச்சு ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மடங்கு வேகமாகிறது, அதே வேகத்தில் அது தளர்ந்தும் போகிறது. எனவே குளிர்பதனக் கிடங்குக்குக் கடன் வாங்கும் முன்னால், விடியலுக்கு முன் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுவருவது, மூட்டையில் திணிக்காமல் கிரேட்டில் அடுக்குவது என்ற செலவில்லாத மூன்றையும் பழக்கமாக்க வேண்டும். ஈரமணல் நிரப்பிய இரட்டைச் செங்கற்சுவர்ப் பெட்டி போன்ற, நீர் ஆவியாவதால் குளிரும் அறைகள் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த இடங்களில் அவற்றால் பெரிய பயன் இல்லை. பழுத்துக்கொண்டிருக்கும் பழங்களிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கிவிடும் என்பதால் இரண்டையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது.

தரம் பிரிப்பதில்தான் உறவுகள் முறிகின்றன. முதல் தரம், இரண்டாம் தரம் எது என்பதை அளவோடும் படத்தோடும் தளத்துச் சுவரிலேயே ஒட்டிவைத்து, உழவரின் கண்முன்னே பிரித்து, அவர் கையொப்பத்தோடு எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். வெளிப்படையான அளவீடும் விலையும் எவ்வளவு வலிமையானவை என்பதற்கு நெதர்லாந்தின் புருக் ஒப் லாங்கடைக் ஊரில் 1887-இல் தொடங்கிய காய்கறி ஏலம் ஒரு சான்று. படகில் கொண்டுவந்த சரக்குக்கு எல்லோர் முன்னிலையிலும் விலை சொல்லும் முறை அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. 1946-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் உருவான கேடா மாவட்டப் பால் கூட்டுறவும், பாலை அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, அதற்கேற்பப் பணம் கொடுப்பதையே தன் அடித்தளமாகக் கொண்டிருந்தது. இரண்டாம் தரத்துக்கு ஒரு பயன்வழி இல்லாவிட்டால் எத்தனை நேர்மையாகப் பிரித்தாலும் உழவர் ஏமாற்றமடைவார் என்பதால், அதை வெட்டிய காயாகவோ, சாறாகவோ, தீவனமாகவோ மாற்றும் ஏற்பாட்டைத் தளத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இப்போது பணம். உழவருக்கு மூன்றாம் நாளில் பணம் கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறோம். வாங்கிய நிறுவனம் நமக்கு 45 நாளில் தருகிறது. இடையில் உள்ள 42 நாளுக்கான கொள்முதல் தொகை முழுவதும் நம் கையில் நடைமுறை மூலதனமாக இருந்தாக வேண்டும். விற்பனை இரட்டித்தால் இந்தத் தொகையும் இரட்டிக்கும். நன்றாக விற்றுக்கொண்டிருந்த நிலையங்கள் திடீரென்று மூடப்படுவதற்கு இதுவே பொதுவான காரணம். தரகர் அன்றைக்கே ரொக்கம் கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அவரைவிட நல்ல விலையை அறிவித்துவிட்டு ஒரு மாதம் காக்கவைத்தால், வீட்டில் அவசரச் செலவு வரும் முதல் நாளிலேயே உழவர் அவரிடம் திரும்பிப் போவார். அதற்காக உழவரைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை.

இலாபக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். கிலோ 10 ரூபாய்க்கு வாங்கி 13 ரூபாய்க்கு விற்றால் மூன்று ரூபாய் மிஞ்சும் என்று தோன்றும். 1,000 கிலோ வாங்கியதில் 80 கிலோ சேதாரமாகப் போனால் விற்பது 920 கிலோ. வரவு 11,960 ரூபாய், மிச்சம் 1,960 ரூபாய். வாங்கிய கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட நிற்கவில்லை. அதிலிருந்துதான் வண்டி, கூலி, கிரேட், மின்சாரம், வட்டி எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை உழவர்கள் முன்னிலையில் பலகையில் எழுதிக் காட்டுவது நல்லது. தரகர் எடுத்த தரகுத்தொகை ஏன் அவ்வளவு இருந்தது என்பதும், அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்பதும் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரியும்.

பதப்படுத்தல்

இயந்திரத்துக்கு மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொடங்கப்பட்ட பதப்படுத்தும் கூடங்கள் பூட்டிக் கிடப்பதை எந்த நாட்டு வேளாண் வட்டாரத்திலும் காணலாம். இயந்திரத்தின் கொள்ளளவை முதலில் பார்க்காமல், ஆண்டில் எத்தனை நாள் அதற்கு வேலை இருக்கும் என்று கேட்க வேண்டும். ஒரே பயிரை நம்பிய ஆலைக்கு அறுவடையை ஒட்டிய இரண்டு மாதம் வேலை இருக்கும், பத்து மாதம் கடன் தவணை மட்டும் இருக்கும். ஆகவே வெவ்வேறு பருவத்தில் வரும் இரண்டு மூன்று பொருள்களுக்குப் பயன்படும் சிறிய இயந்திரங்களும், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொதுச் சமையற்கூடமும் தொடக்கத்துக்குப் பொருத்தமானவை. சொந்தப் பெயரில் பொருள் செய்து விற்க விரும்பும் பெண்கள் குழுக்களுக்கு இப்படிப்பட்ட கூடம் பெரிய உதவி. உரிமமும் ஆய்வும் ஒரே இடத்துக்குப் போதும் என்பதால் ஒவ்வொருவரும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை.

உணவுப் பாதுகாப்பில் மட்டும் உள்ளூர் என்ற சலுகை செல்லாது. தானியத்தின் ஈரப்பதம் 13 விழுக்காட்டை ஒட்டி வரும் வரை காயவைக்காமல் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 நொடி சூடாக்கி உடனே குளிர்விக்க வேண்டும். சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே நெடுநேரம் வைத்திருப்பது நோய்க்கிருமிகளுக்கு விருந்து. புட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கும் பொருளின் பி.எச். அளவு 4.6-க்கு மேல் இருந்தால், அதாவது அமிலம் குறைவாக இருந்தால், கொதிநீரில் வேகவைப்பது மட்டும் போதாது. அழுத்தத்தோடு கூடிய வெப்பம் இல்லாவிட்டால் உயிரையே பறிக்கும் போட்டுலினம் நச்சு உருவாகக்கூடும். ஒரு பி.எச். அளவுமானியும் ஒரு வெப்பமானியும் வாங்கி, ஒவ்வொரு தொகுதியின் அளவையும் நாள் போட்டு எழுதிவைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரே ஒரு நச்சுணவுச் சம்பவம் பல ஆண்டு நம்பிக்கையை ஒரே நாளில் அழித்துவிடும்.

நேரடி விற்பனை

நேரடி விற்பனையால் வரும் தொகை சிறிதாயினும் உழவரின் பெயர் வட்டாரத்தில் அறிமுகமாவதற்கு அதுவே வழி. ஜப்பானின் நேரடி விற்பனைக் கடைகளில் உழவரே விலையைக் குறித்துத் தம் பெயர் ஒட்டிப் பொருளை அடுக்குகிறார், விற்காததை மாலையில் அவரே எடுத்துச் செல்கிறார், கடை ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நாள் முழுவதும் கடையில் நிற்க நேரமில்லாதவர்களுக்கு இந்த முறை நன்கு பொருந்தும். முன்பணப் பங்கு முறையில் குடும்பங்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே பணம் கட்டி, விளைந்ததில் தங்கள் பங்கை வாரந்தோறும் பெற்றுக்கொள்கின்றன. ஜப்பானில் 1970-களில் தெய்க்கேய் என்ற பெயரில் வளர்ந்த கூட்டு ஏற்பாடும், ஜெனீவாவில் 1978-இலும் அமெரிக்காவின் வடகிழக்கில் 1986-இலும் தொடங்கியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. விளைச்சல் பொய்த்தால் பங்குதாரரும் நட்டத்தைப் பகிர்வார் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லாமல் பணம் வாங்குவது பின்னர் மனக்கசப்பில் முடியும். மொத்தத் தொகையை முன்கூட்டியே கட்ட முடியாத குடும்பங்களுக்கு வாரத் தவணை அனுமதிக்கப்படாவிட்டால் இந்த முறை வசதி படைத்தவர்களின் ஏற்பாடாகச் சுருங்கிவிடும்.

உரிமையும் ஆட்சியும்

சேகரிப்பு நிலையத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே காலப்போக்கில் மிச்சமும் சேரும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஒருவருக்கு ஒரு வாக்கு என்றும், மிச்சத்தைப் பங்குத்தொகைக்கு ஏற்பப் பிரிக்காமல் ஒவ்வொருவரும் செய்த வாங்கலுக்கு ஏற்பப் பிரிப்பது என்றும் விதித்துக்கொண்டது. உழவர் அமைப்புக்கும் இது அப்படியே பொருந்தும்: அதிக முதல் போட்டவருக்கு அல்லாமல், அதிகச் சரக்கைக் கொண்டுவந்தவருக்கு மிச்சத்தில் அதிகப் பங்கு. ரோச்டேல் கடை கடன் கொடுக்க மறுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே அதற்கு முந்தைய கடைகள் பல அழிந்திருந்தன.

வெளியில் விலை ஏறும் வாரங்களில் உறுப்பினர்கள் சரக்கை வேறு பக்கம் திருப்புவது எல்லா அமைப்புகளும் சந்திக்கும் சோதனை. அபராதத்தால் இதை நிறுத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை. விளைச்சல் முழுவதையும் கேட்காமல் பாதியை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி, மீதியை உறுப்பினரின் விருப்பத்துக்கு விடுவதும், விலை வீழ்ந்த வாரங்களில் சொன்ன விலையைத் தவறாமல் கொடுத்து நம்பிக்கை சேர்ப்பதும் கூடுதலாகப் பயன்படுகின்றன. நிர்வாகக் குழுவில் நிலமில்லாத தொழிலாளர்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் இடம் ஒதுக்காவிட்டால், அமைப்பு சில பெரிய உழவர்களின் விற்பனைக் கிளையாக மாறிவிடுவது ஓரிரு தேர்தல்களிலேயே நடந்துவிடும்.

உள்ளாட்சியின் பங்கைப் பொறுத்தவரை, தனியாகக் கட்டிடம் கேட்பதைவிட ஒரு நிரந்தர உணவுக் குழுவை அமைக்கச் சொல்வது மேல். அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரம் 1982-லும், கனடாவின் டொராண்டோ 1991-லும் இத்தகைய குழுக்களை அமைத்தன. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ச்சி நகரம் 1993-இல் உணவுக்கென்று தனித் துறையையே உருவாக்கி, உழவர் விற்பனை நிலையங்களையும் மலிவு விலை உணவகங்களையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. அப்படியொரு துறைக்கு வாய்ப்பில்லாத சிறிய வட்டாரங்களில், சந்தை நேரம், வண்டி நிறுத்தும் இடம், கொள்முதல் விதி, தண்ணீர் இணைப்பு போன்ற சிறு முடிவுகளை விரைவாகப் பெற்றுத் தருவதே குழுவின் வேலையாக இருந்தால் போதுமானது.

மறுகணக்கு

இரண்டாம் ஆண்டின் முடிவில், முதலில் கேட்ட அதே நாற்பது குடும்பங்களிடமும் அதே கடைகளிடமும் அதே மாதத்தில் மறுபடி கணக்கெடுக்க வேண்டும். மாதம் மாறினால் பருவத்தின் வேறுபாட்டை முன்னேற்றமென்று தவறாக எண்ண நேரிடும். நிலையத்தின் பேரேட்டில் பார்க்க வேண்டியவை நான்கு: சேதார விழுக்காடு, உழவருக்குப் பணம் சென்று சேர்ந்த சராசரி நாள், விற்ற தொகையில் உழவர் பெற்ற பங்கு, மானியத்தைக் கழித்துவிட்டால் நிலையம் தன் செலவைத் தானே தாங்குகிறதா என்பது. தேர்ந்தெடுத்த நான்கு பொருள்களில் ஏதேனும் ஒன்று இரண்டு ஆண்டும் தன் செலவை ஈட்டவில்லை என்றால் அதைக் கைவிட்டு, அதற்குச் சென்ற கிரேட்டையும் ஆள்நேரத்தையும் ஈட்டும் பொருளுக்குத் திருப்ப வேண்டும். ஐந்தாவது பொருளைச் சேர்ப்பது பற்றிய பேச்சை, உழவருக்கான நிலுவை ஒரு வாரத்துக்கு மேல் நிற்காத நிலை தொடர்ந்து ஓராண்டு நீடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.